பத்துக்குக் குறைந்த பத்து

என் அக்கா அனந்தலக்ஷ்மியை மட்டாஞ்சேரியில் ‘கட்டை டீச்சர்’ என்றால்தான் தெரியும். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்தாள். நாற்பத்திரண்டுக்கும் இருபத்துநாலுக்கும் என்ன வித்தியாசம் என்று முழித்த பிள்ளைகளுக்காக, ஜூ டவுன் மிளகுக் கிடங்கில் உடைந்த பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி, தச்சர் சங்கிலிப்பாண்டியிடம் அறுக்கக் கொடுத்தாள். ஒன்றுக்குச் சின்னக் கட்டை, பத்துக்கு நீளக் குச்சி, நூறுக்குச் சதுரப் பலகை. பத்துக் கட்டை சேர்ந்தால் ஒரு குச்சியாக மாற்ற வேண்டும். கழிக்கும்போது கட்டை போதாவிட்டால் குச்சியைக் கொடுத்துப் பத்துக் கட்டை வாங்க வேண்டும். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாள். எங்கள் வீட்டுச் சாம்பாரில்கூட மரத்தூள் மிதந்தது.

அது 1977. பள்ளியில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலியானது. எர்ணாகுளம் கண்காட்சியில் யாருடைய கற்பிக்கும் கருவிக்குப் பரிசு கிடைக்கிறதோ அவருக்கே வேலை என்று மானேஜர் சொல்லிவிட்டார். அந்த வாரம் பார்த்து அக்காவுக்கு அம்மை போட்டது.

பாக்கியலக்ஷ்மி அங்கே இன்னொரு தற்காலிக டீச்சர். தினமும் மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வாசலில் நின்று, “அக்கா, நீங்க படுத்துக்கிடுங்க. நான் கொண்டு போயி உங்க பேர்ல வைக்கேன்” என்றாள். உள்ளே படுத்தபடியே அக்கா எல்லாவற்றையும் விளக்கினாள். கட்டைப் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்த பாவி நான்தான்.

பரிசு கிடைத்தது. பரிசுப் பத்திரத்தில் பாக்கியலக்ஷ்மி பெயர். வேலையும் அவளுக்கே. அக்கா போய்க் கேட்டாள். “வந்த ஆளு பேரைத்தானக்கா எழுதுவாங்க? நீங்க வரலயே” என்று பதில் வந்தது. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை அன்று பார்த்தேன். பள்ளியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறு வருஷம் அக்காவுக்கு அந்தத் தற்காலிக வேலையும் இல்லை. வீட்டில் டியூஷன் எடுத்தாள்.

ஏழு வருஷம் கழித்து பாக்கியலக்ஷ்மி எங்கள் படியேறினாள். ஐம்பது பள்ளிக்குக் கட்டை செய்து கொடுக்கும் பொறுப்பு இப்போது அவளுடையது. செய்ததெல்லாம் கோளாறு, பத்துக் கட்டையை வரிசையாக வைத்தால் குச்சியைவிட விரற்கடை குறைகிறது. நான் கதவைச் சாத்தப் போனேன். அக்கா தடுத்தாள்.

“ஒரு குச்சியையே பத்தா அறுத்திருக்கா. ஒவ்வொரு அறுப்புக்கும் வாள் கொஞ்சம் மரத்தத் தின்னுடும். கட்டைய வேற சட்டத்துலேர்ந்து ஒண்ணொண்ணா அளந்து அறுக்கச் சொல்லு” என்றாள். வந்தவள் குறித்துக்கொண்டு, சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் கட்டைகளோடு ஒரு சின்னப் புத்தகமும் பள்ளிகளுக்கு வந்தது. அக்கா சொன்ன அறுக்கும் முறை அதில் அப்படியே இருந்தது. ஆக்கம்: பாக்கியலக்ஷ்மி. வேறு பெயரே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நன்னா வேணும் நோக்கு! எதுக்குடி அவளுக்குச் சொன்னே?” என்று கத்தினேன்.

“கொழந்தைகள் எண்ணிப் பாக்குமோல்லியோ, அம்மிணி? பத்து கொறஞ்சா தப்பான்னா படிக்கும்” என்றாள். அட்டையை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். அம்மை போட்டபோதும் வேலை போனபோதும் அழாதவள், அன்று அழுதாள்.

“இந்தத் தடவையாவது என் பேரையும் போடுவான்னு நெனச்சேண்டி.”