அழிக்கப்பட்ட மீன்குழம்பு

கொழும்புத் தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு சமையல் குழு இணையத்தில் இருக்கிறது. அதில் என் மீன்குழம்பின் படத்தையும் செய்முறையையும் போட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் இரண்டையும் காணவில்லை. மறுபடியும் போட்டேன். மறுபடியும் காணவில்லை.

குழுவின் விதிகள் எனக்கு மனப்பாடம். அரசியல் கூடாது, மதம் கூடாது, வியாபாரம் கூடாது. என் பாரை மீன் எந்தக் கட்சிக்கும் வாக்குப் போட்டதாக எனக்குத் தெரியாது. "ஏன் அழித்தீர்கள்?" என்று குழுவிலேயே கேட்டேன். நிர்வாகம் வாய் திறக்கவில்லை. ஆனால் கீழே பெண்கள் வரிசையாக வந்து, தங்களுடைய புளிக்குழம்பும் ரசமும் இப்படித்தான் மறைந்தன என்று எழுதினார்கள்.

காரணம் தெரியாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் முளைத்தது. கிராண்ட்பாஸிலிருந்து ஒரு சகோதரி, தான் முஸ்லிம் என்பதால்தான் அழிக்கிறார்கள் என்றார். கிருலப்பனைக்காரி ஒருத்தி, வெள்ளவத்தை ஆட்களுக்குப் பெருமை என்றாள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் கிறிஸ்தவச் சிநேகிதி, என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்பவள், தன் புளிச்சோறும் போன கோபத்தில் எனக்குப் போன் எடுத்துக் கத்தினாள்.

"நாங்க வேதக்காரங்கன்னு இவங்களுக்கு எளக்காரம்டீ!"

நிர்வாகிக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியாது, அதனால் எரிச்சல் என்பது என் கட்சி. அந்த நிர்வாகி யாரென்றும் எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஒழுங்கை முனையில் சட்டை தைக்கிற கடை வைத்திருக்கும் அக்கா. சனிக்கிழமை சிநேகிதியை வரவழைத்து, இருவருமாகச் சண்டைக்குப் போனோம்.

அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனக்கா என்ர குழம்பை அழிச்சனீங்கள்?"

"நான் ஒண்டும் அழிக்கேல்லை. அதுவா அழிக்குது."

"எது?"

"போன்தான். கூடாத சொல் வந்தா அழிக்கச் சொல்லி மகன் செட் பண்ணித் தந்தவன்."

"என்ர குழம்பில என்ன கூடாத சொல்?"

அக்கா எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மிருகம்."

"எந்த மிருகம்?"

"வரி போட்டது."

"வரிக்குதிரையா?" என்றாள் என் சிநேகிதி.

அக்கா அவளை முறைத்துவிட்டு, அழிந்துபோன என் செய்முறையைத் தேடியெடுத்து போனை நீட்டினார். நான் சத்தமாக வாசித்தேன். மீனைக் கழுவி வைக்கவும். வெங்காயம் வதக்கவும். பிறகு, 'பழப்புலியைக் கரைத்து ஊற்றவும்.'

நான் பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவள். போனில் ஆங்கில எழுத்தில் 'புளி' என்று தட்டினால் அது முதலில் தருவது இந்த 'லி'யைத்தான். ஆகவே குற்றம் போனுடையது. இதை அங்கே இருவருக்கும் விளக்கினேன். சிநேகிதி கேட்கிற நிலையில் இல்லை. தைத்து அடுக்கியிருந்த சட்டைகளின் மேல் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா சிரிக்கவில்லை.

"உங்களுக்குச் சிரிப்பு. சண்டை நடந்த நாளையில, அந்தச் சொல்லைச் சொல்லித்தான் என்ர தம்பியை ஆமிக்காரர் இந்தச் சந்தியில மறிச்சுக் கொண்டுபோனவங்கள். அவன் திரும்பி வருமட்டும் அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆரோ கொமென்ட்டில அந்தச் சொல்லை எழுத, நாளைக்கு ஆர் வந்து என்னைக் கேப்பினமோ? எனக்குக் குழம்பும் வேண்டாம், குழுவும் வேண்டாம்."

சிநேகிதி எழுந்து சட்டைகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினாள். சண்டைக்கென்று தயார்பண்ணி வந்த வசனங்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

நானும் ஒரு சட்டையை மடித்துக்கொண்டு சொன்னேன். "தடை இருக்கட்டும் அக்கா. ஆனா அழிச்சா ஏனெண்டு சொல்லுங்கோ."

"சொன்னா எல்லாரும் கேள்வி கேப்பினம்."

"இப்ப மட்டும் கேக்காமலா இருக்கினம்? ஒராளை ஒராள் சந்தேகப்பட்டுக்கொண்டு கேக்கினம்."

அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி வைத்தார். பிறகு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மூவரும் குந்தியிருந்து ஓர் அறிவித்தல் எழுதினோம். எந்தச் சொல் தடை, ஏன் தடை, புளியை எப்படித் தட்ட வேண்டும் என்று எல்லாமே தெளிவாக இருந்தது. அக்கா அதைப் போட்டார்.

போட்ட உடனேயே அதுவும் அழிந்தது.

அன்றைக்கு அக்காவும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். இரண்டாவது அறிவித்தலில் 'காட்டில் வாழும் வரி மிருகம்' என்று எழுதினோம். நின்றது. கிராண்ட்பாஸ் சகோதரி தன் ரசத்தைச் சரியான 'ளி'யோடு திரும்பப் போட்டார். நல்ல ரசம்.

அதோடு முடிந்திருக்கலாம். அக்கா விடவில்லை. "வாய் இருக்கிற ஆள் நீர்தான்," என்று சொல்லி என்னையும் நிர்வாகியாக்கினார். இப்போது எதை நீக்கினாலும் காரணத்தைக் குழுவிலேயே எழுதுகிறேன். சண்டை குறையவில்லை, கூடிவிட்டது. முன்பு என் முதுகுக்குப் பின்னால் திட்டியிருக்கக்கூடியவர்கள் இப்போது முகத்துக்கு நேரே திட்டுகிறார்கள். எனக்கு இது பரவாயில்லை. பதில் சொல்லலாமே.

கிறிஸ்மஸுக்கு முன் என் சிநேகிதி தன் கேக்கை விலையோடு குழுவில் போட்டாள். அதை நீக்கிவிட்டு, 'வியாபாரம்' என்று காரணம் எழுதினேன். பண்டிகையன்று கொட்டாஞ்சேனைக்குப் போனபோது தட்டில் அந்தக் கேக்கின் ஒரு மெல்லிய துண்டு வந்தது.

"ஏன்டீ இவ்வளவு சின்னன்?" என்று கேட்டேன்.

வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் காரணத்தைச் சொன்னாள்.