ராத்தா கொண்டுவந்த உடுப்பு

சபர் மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்போம். அன்று கடலில் குளித்தால் முசீபத்து என்கிற பீடை நீங்கும் என்று, எண்பதுகளின் தொடக்கத்தில் சம்மாந்துறையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கல்முனைக் கடற்கரைக்குப் போவார்கள். நாங்கள் மட்டும் சில வருடங்களாகப் போகவில்லை. அப்படியொரு புதனில்தான் என் கூடப்பிறந்த மூத்தவளான ராத்தாவின் ஒரே மகனைக் கடல் கொண்டுபோனது. மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

அந்த வருடம் என் பிள்ளைகள் அழுது அடம்பிடித்தார்கள். என் மகனுக்கு அப்போது ஏழு வயது. ராத்தாவின் மகன் போனதும் அதே வயதில்தான். அவளுக்குத் தெரியாமல் போய்வருவோம் என்றார் கணவர்.

நடக்கிற காரியமா? எங்கள் ஊரில் உம்மாவின் வளவிலேயே பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். அவள் குசினிக்கும் என் குசினிக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான். சட்டிமுட்டி சத்தம் போடாமல் சமைத்தேன். நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் தாளித்த மணத்தை மறந்துவிட்டேன்.

"என்னகா, கள்ளி மாதிரி விடியவே நெய்ச்சோறு ஆக்குறாய்? கடலுக்கா?" என்று வேலிக்கு அப்பால் ராத்தாவின் குரல்.

"ஓம் ராத்தா."

"நானும் வாறன். எனக்கும் சோறு கட்டு."

பஸ்ஸில் ஒரு துணிப்பையை மடியில் வைத்தபடி வந்தாள். கரையில் கடலைப் பார்க்கவே இல்லை. என் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவன் கையை விடவில்லை. அவன் குளித்து நடுங்கிக்கொண்டு வந்ததும், பையிலிருந்து ஒரு சேட்டும் களிசானும் எடுத்தாள்.

"இதப் போடு மனே. எங்கட மகன் கரையில கழட்டி வெச்சிட்டுப் போனது."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ராத்தாவை எதிர்த்து நான் கதைத்ததே இல்லை. கணவர் மணலைப் பார்த்தார். மகன் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினான். அளவு எடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. தூரத்தில் அவன் ஓடும்போது ஓடுவது யார் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பும்போது அவள் மடியில் தூங்கிப்போனான். வீட்டு வாசலில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "இண்டைக்கு எங்கட ஊட்ட படுக்கட்டும்" என்றாள்.

"இல்ல ராத்தா."

எப்படிச் சொன்னேனோ தெரியாது. பிள்ளையை வாங்கினேன். தூக்கத்திலேயே சேட்டையும் களிசானையும் கழற்றினேன்.

"துவைச்சுத் தாறன்."

"வேணா," என்று ராத்தா அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். "இப்பதான் புள்ள மணக்குது."