ஏகாதசிக்கு ஏற்ற மாத்திரை

1936 ஜூன் 30, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து குளித்தேன். ஏகாதசியாதலால் பாலும் வாழைப்பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்குச் சந்தேபேட்டை மருந்துக்கடையைத் திறந்தேன். அங்கே நான் கம்பவுண்டர்.

தராசைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், மலேரியாவில் படுத்திருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் குளிர் கண்டு உடம்பு தூக்கிப் போடும். சென்ற முறை நினைவே தப்பிவிட்டது. அன்று மாலையும் குளிர் வரவேண்டிய முறை. அதற்குமுன் குயினைன் உள்ளே போயாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கசப்பு நாக்கில் பட்டாலே அத்திம்பேருக்கு வாந்தி. ஆகவே பொடியை மெல்லிய உறையில் அடைத்துக் கொடுத்துவந்தேன்.

“இன்னிக்கு வாயைத் திறக்கமாட்டேங்கறார்டா. அந்த உறை எதால பண்ணினதுன்னு உன்னைக் கேட்டுண்டு வரச் சொன்னார்.”

“அரிசி மாவு, அக்கா.”

“நெனச்சேன். அரிசி இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்!”

“நாளைக்குத் தெரிஞ்சா மருந்தையே தொடமாட்டார்.”

ஏகாதசியில் தானியம் கூடாது, அத்திம்பேரோ ஆசாரத்துக்குப் பேர்போன மேல்கோட்டைக்காரர். கடையில் மாத்திரை உருட்டச் சேர்ப்பதும் கோதுமை ஸ்டார்ச்தான். நோய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மருந்துக்கு உருவம் தருவதோடு அதன் வேலை தீர்ந்தது. அப்படியானால் எந்த மாவானால் என்ன? ஆரோரூட் கிழங்கு மாவு எடுத்தேன். விரத நாள் கஞ்சிக்கு அக்கா வாங்குவதும் அதையே. குயினைனைத் தராசில் நிறுத்து, அந்த மாவும் தேனும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, கசப்பு நாக்கில் படாதபடி மேலேயும் அதே மாவைக் கனமாகப் பூசி, பகலிலேயே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அத்திம்பேர் ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கிழங்கு சரி. இந்த மாவு அரைச்ச மிஷின்ல முன்னாடி கோதுமை அரைச்சிருந்தா?”

“ஏன்னா, பெருமாள் மிஷினை வந்து பார்க்கப் போறாரா?” என்றாள் அக்கா.

“நீ சும்னே இரு. அவனைக் கேக்கறேன்.”

“மிஷின் எனக்குத் தெரியாது, அத்திம்பேர். நான் பிசைஞ்ச கல்லைக் கழுவித்தான் பிசைஞ்சேன். அதுக்கு மேல சொன்னா பொய்.”

அத்திம்பேர் தண்ணீருக்குக் கையை நீட்டினார். “தெரியாதுன்னு சொல்ற கம்பவுண்டரை இன்னிக்குத்தான் பார்க்கறேன். கொண்டா.”

மாலையில் குளிர் வந்தது. இரண்டு கம்பளி போர்த்தி, நானும் அக்காவும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டோம். நினைவு தப்பவில்லை. நடுங்கிக்கொண்டே, கம்பளியில் பாச்சை உருண்டை நாற்றம் தாங்கவில்லை என்று அக்காவைத் திட்டினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் நாக்கின்கீழ் தர்மாமீட்டரை வைத்தேன்; ஜுரம் இறங்கியிருந்தது.