கீழறைக்கு ஒரு டாய்லெட்

"ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் தண்ணீர் குடிக்கிறீர்கள்?"

ஈப்போவில் ஒரு கிளினிக்கில், இளம் டாக்டரம்மா மலாயில் கேட்டார். என் பெரிய அண்ணன் யோசிக்கவே இல்லை. "நிறைய" என்றார்.

டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சிறுநீர்க் குழாயில் தொற்று – மூன்று மாதத்தில் இது இரண்டாவது முறை. நிறையத் தண்ணீர் குடிக்கிற மனிதருக்கு வருகிற நோயா இது?

எனக்குச் சுருக்கென்றது. தினமும் காலையில் அண்ணன் அறையில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் வைப்பது நான்தான். மறுநாள் அதில் முக்கால் பாட்டில் அப்படியே இருக்கும். 'வயசானால் தாகம் குறையும்போல' என்று நானே முடிவு செய்துகொண்டு, செடிக்கு ஊற்றிவிடுவேன்.

எங்கள் வீடு மேட்டில் கட்டிய வரிசை வீடு. சாலையிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி. பின்பக்கம் சரிவில் இறங்கிப் பார்த்தால் மூன்று. அந்த மூன்றாவதுதான் கீழறை – சாலை மட்டத்துக்குக் கீழே, ஒரே ஒரு ஜன்னலோடு. முன்பு பழைய சாமான்கள் கிடந்தன. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணி தவறிய பிறகு அண்ணனை எங்களோடு அழைத்துவந்தோம். "கீழதான் குளுகுளுன்னு இருக்கு, இங்கயே இருந்துக்குறேன்லா" என்று அவராகவே அந்த அறையைப் பிடித்துக்கொண்டார்.

குளிர்ச்சி சரி. டாய்லெட்? அது சமையலறைக்குப் பின்னால். நடுவில் பதின்மூன்று படிகள். அண்ணனுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை.

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது காரில் கேட்டேன்.

"அண்ணே... படி ஏறணும்னுதான் தண்ணி குடிக்காம இருக்கீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாலு மணிக்கு மேல குடிக்கிறதில்ல. அவ்வளவுதான். லயத்துல அடக்கிப் பழகுன உடம்புதானே, தாப்பா."

லயம் என்றால் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள். அங்கே அடக்கிப் பழகியதால் பரவாயில்லையாம்!

அந்த வாரமே கான்ட்ராக்டர் குமாரைக் கூப்பிட்டோம். குமார் என் வீட்டுக்காரரின் நண்பர். கீழறையைச் சுற்றிப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"கொஞ்சம் சுசாதான் அக்கா, கஷ்டமான வேலை. கழிவுக் குழாய் ரோட்டுப் பக்கம் இருக்கு – நம்ம தலைக்கு மேல. இங்க டாய்லெட் வச்சா எல்லாம் மேல ஏறணும். தானா ஏறாது. பம்ப் வைக்கணும்."

டாய்லெட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி. அதற்குள் கழிவை அரைத்து மேலே தள்ளும் பம்ப். குழாய் சுவரோரமாக ஏறி, மேல்தளத்துக் குழாயோடு சேரும். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். தோட்டத்தில் பத்து வருடம் பம்ப் ஹவுஸ் பார்த்தவர் அவர் – ஆற்றிலிருந்து லயத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வேலை.

"ஏத்துன தண்ணி திரும்பி வராம வால்வு வைப்பியா தம்பி?" – அது ஒன்றைத்தான் கேட்டார்.

"வைப்பேன் அண்ணே, கவலப்படாதீங்க."

மாநகர மன்ற அனுமதி வந்தது. தரையை உடைக்கத் தொடங்கினார்கள். ஒரே சத்தம், ஒரே தூசி. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சீன ஆண்ட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன் – "அண்ணனுக்கு முடியல, அவருக்காகத்தான்." எதிர்வீட்டிலும் அதையே சொன்னேன். பள்ளி அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர்களிடமும் சொன்னேன். அதோடு நின்றேனா?

பாதி கட்டிய டாய்லெட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'பெரியண்ணனுக்குச் சொந்தமா பாத்ரூம் ரெடியாகுது!'

இதயக் குறிகள் வந்து குவிந்தன. 'உங்க மனசு யாருக்கு வரும் அக்கா' என்றாள் தைப்பிங்கில் இருக்கும் சித்தி மகள். உண்மையைச் சொல்கிறேன்... நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று முறை எடுத்துப் படித்தேன். தம்பி மகன் ஒருவன், 'பெரியப்பா எப்ப ரிப்பன் வெட்டப் போறாரு?' என்று கேட்டிருந்தான். சிரிக்கும் முகங்கள் ஒரு வரிசை.

அந்தக் குழுவில் அண்ணனும் இருக்கிறார்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கீழறையில் அவர் பை இல்லை. "மச்சான் கமுந்திங் போயிருக்காரு. கூட்டாளி வீட்டுலயாம்" என்றார் என் வீட்டுக்காரர். எப்போது வருவாராம்? அதைச் சொல்லவில்லையாம்.

சனிக்கிழமை கிளம்பினேன். கோலா கங்சார் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை மெதுவாக ஓட்டும்போது பழசு ஒன்று ஞாபகம் வந்தது.

எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கு நாலே நாலு கக்கூஸ். கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. நான் பெரிய பெண்ணான பிறகு, நான் உள்ளே போனால் அண்ணன் பத்தடி தள்ளி நின்றுகொள்வார். முதுகைக் காட்டிக்கொண்டு, யாரையோ எதிர்பார்த்து நிற்பதுபோல. நான் வெளியே வந்ததும் வேறு பக்கமாகப் போய்விடுவார். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்காகத்தான் நிற்கிறார் என்று வேறு யாருக்கும் தெரியாது.

நான் என்ன செய்திருக்கிறேன்? அவர் டாய்லெட்டைப் படம் எடுத்து ஊருக்கே காட்டியிருக்கிறேன்.

கமுந்திங்கில், அண்ணன் முன்பு காவல் வேலை பார்த்த தொழிற்சாலையில் கூட இருந்த நண்பரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் அண்ணனே போய் டீ கலக்கிக் கொண்டுவந்தார்.

"படத்தை அழிச்சிட்டேன் அண்ணே. தப்புதான்."

"டாய்லெட் கட்டுனது தப்பில்லம்மா" என்றார். குரல் உயரவே இல்லை. "பக்கத்து வீட்டு ஆண்ட்டி என்னப் பாத்து, 'அங்கிள், டாய்லெட் சியாப்?'ன்னு கேக்குது. முடிஞ்சிருச்சான்னு. ரோட்டுல வச்சு. நான் என்ன பதில் சொல்ல?"

டீ ஆறிப்போனது.

"வீட்டுக்குப் போலாம் அண்ணே."

"நீ போ. நான் யோசிச்சு வாரேன்."

மழையில் தனியாகத்தான் திரும்பி வந்தேன். வழியெல்லாம் அழுதேன் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் அழுதேன்.

புதன்கிழமை குமார் பம்பை ஓட்டிப் பார்த்தார். மேலே போன தண்ணீர், பம்ப் நின்றதும் கடகடவென்று திரும்பிக் கீழே வந்தது. பெட்டி நிறைந்தது, பம்ப் தானாக மறுபடி ஓடியது. மறுபடியும் தண்ணீர் திரும்பியது. குமார் இரண்டு மணி நேரம் போராடினார். பிறகு யாரையும் கேட்காமல் போனை எடுத்து அண்ணனுக்கே அடித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க சொன்ன வால்வு வச்சிருக்கேன். ஆனாலும் தண்ணி திரும்பி வருதுலா!"

"பம்பை நிறுத்து. எதையும் தொடாத. நான் வாரேன்."

மதியம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். நான் கேட்டைத் திறந்தேன். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டிவிட்டு நேராகக் கீழே போனார், ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து.

குழாயில் காதை வைத்துக் கேட்டார். "வால்வு மூடல. உள்ள ஏதோ மாட்டியிருக்கு. கழட்டு."

குமார் கழற்றினார். வால்வின் தட்டு மூட முடியாதபடி, கடலைப் பருப்பு அளவில் ஒரு சிமெண்ட் துண்டு! அதை எடுத்து, கழுவி, மறுபடி பூட்டி ஓட்டினார்கள். தண்ணீர் மேலே போனது. பம்ப் நின்றது. போன தண்ணீர் போனதுதான்.

"குழாய் ஒட்டுறதுக்கு முந்தி உள்ள தண்ணி விட்டுக் கழுவணும் தம்பி" என்றார் அண்ணன். குமார், "ஆமா அண்ணே, ஆமா அண்ணே" என்றார்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். போன் கையில்தான் இருந்தது. படம் எடுக்கவில்லை.

அன்று மாலை அண்ணன் தன் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மன்னிப்புக் கேட்டு அழைத்தபோது வராதவர், வேலை இருக்கிறது என்றதும் வந்துவிட்டார். பெறுவது மட்டுமே ஒருவருக்கு வேலையாகிவிட்டால் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து இருப்பது? எனக்கு இது உறைக்க ஐம்பத்தேழு வயதாகியிருக்கிறது.

இப்போது பாட்டிலில் காலையில் தண்ணீர் மிஞ்சுவதில்லை. செடிக்குத் தனியாக ஊற்றுகிறேன்.

இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். இந்தமுறை முதலிலேயே.

"எழுது. ஆனா ஃபிளஷ் பண்ணாம போற ஆளு நான் இல்லேன்னும் சேத்து எழுது."

சேர்த்துவிட்டேன். அப்படிப் போகிறவர் என் வீட்டுக்காரர்... அவரிடம் மட்டும் நான் அனுமதி கேட்கவில்லை.