முள் சிவப்பில் நின்ற நேரம்

பதினொன்று இருபத்தைந்துக்கு மகள் கூப்பிட்டாள். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், அன்று பகல் முழுக்க அந்த ஒரு அழைப்பின் பதிவைத்தான் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

அன்று சனிக்கிழமை. கடலூர் வீட்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மகள் சிதம்பரத்திலிருந்து எங்கள் பழைய அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, டெம்பரேச்சர் முள்ளு செவப்புக்குப் போயிடுச்சும்மா. என்ன பண்றது?"

"அது அப்படித்தான் ஆடும். அந்த முள்ளப் பாக்காத. சத்தத்தக் கேளு. எஞ்சின் சத்தம் நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு..."

"அப்புறம் என்ன? ஓட்டிட்டு வா. வெண்டக்கா வதக்கி வச்சிருக்கேன்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் அந்தக் காரை ஓட்டும் முறையே அதுதான். பதினெட்டு வருடமாக அதன் முட்கள் எதுவும் உண்மை சொன்னதில்லை. பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும். வேகம் காட்டும் முள் நாற்பதுக்கு மேல் ஏறாது. சூடு காட்டும் முள், வண்டியைக் கிளப்பிய உடனே சிவப்புக்குப் போய்விட்டு, மத்தியான வெயிலில் குளிர்ந்துபோய்ப் படுத்திருக்கும். மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நான் சொன்ன முதல் பாடமே, முள்ளைப் பார்க்காதே என்பதுதான்.

நாலு தாள் திருத்தியிருப்பேன். ஐந்தாவது தாளில் மதிப்பெண் போடப்போன கை அப்படியே நின்றது. அது பழைய முள் இல்லை.

மகளுக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்ததும், தினமும் இந்தக் காரிலேயே போய்வருவேன் என்று அடம்பிடித்தாள். முள்ளெல்லாம் சரியானால்தான் சாவி தருவேன் என்று சொன்னவள் நான். சிதம்பரத்தில் பழைய வண்டிகளின் மீட்டர்களை மட்டுமே சரிசெய்யும் ஒருவரைத் தேடிப் பிடித்ததும் நான்தான். மூன்று வாரம் வண்டி அவரிடம் இருந்தது. ஒவ்வொரு மீட்டராகக் கழற்றி, உள்ளே சுத்தம் செய்து, மங்கிப்போன எண்களைப் பழைய எழுத்திலேயே திரும்ப எழுதி, புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அதற்கு முந்தின வாரம் பார்க்கப் போனபோது, எஞ்சினில் பொருத்த வேண்டிய, சூட்டை அறியும் சென்சாரை எடுத்து, கொதிக்கும் கெட்டிலுக்குள் விட்டுக் காட்டினார். முள் நிதானமாக ஏறிச் சிவப்பில் நின்றது.

"இனிமே இது பொய் சொல்லாது டீச்சர்" என்றார்.

இனிமேல்தான் எனக்கு நிம்மதி என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன். அன்று காலை அவரிடமிருந்து வண்டியை எடுத்துவரத்தான் மகள் போயிருந்தாள்.

மகளைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பாள் என்று ஒரு நிமிடம் விட்டுத் திரும்பவும் கூப்பிட்டேன். பிறகு இடைவெளியே விடவில்லை. அவள் அப்பா வேலை பார்க்கும் இடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. கடைசியில் மீட்டர்க்காரரைக் கூப்பிட்டேன்.

"செவப்புல நின்னா தண்ணி கொதிக்கிதுன்னு அர்த்தம் டீச்சர். ஒடனே ஓரங்கட்டச் சொல்லுங்க."

"நான் ஓட்டச் சொல்லிட்டேன் தம்பி."

"யாரு, நீங்களா?"

தாள்களைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"சரி விடுங்க. பாப்பா எந்த ரோட்ல வருது? பழைய ரோடா, பைபாஸா?"

அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

"நான் பைக்க எடுத்துட்டுக் கெளம்புறேன். போன எடுத்தா, ரேடியேட்டர் மூடியில மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லிடுங்க."

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காலையில், வண்டி கிளப்பும் முன்னால், எஞ்சின் ஆறியிருக்கும்போது. சூடான வண்டியில் அந்த மூடியைத் தொடக்கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வாசலுக்கு வந்து நின்றேன். ஆட்டோ பிடித்துப் போகலாம். நான் ஒரு ரோட்டில் போய், அவள் இன்னொரு ரோட்டில் வந்து பூட்டிய வீட்டு முன்னால் நின்றால்? கையில் சிவப்புப் பேனா இருந்ததே எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டார்: "என்னா டீச்சர், வெயில்ல வந்து நிக்கிறீங்க? மாப்ள வீட்டுக்காரங்க வராங்களா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்றா தெரியாது.

பன்னிரண்டே முக்காலுக்கு மீட்டர்க்காரர் கூப்பிட்டார்.

"வண்டி கெடைச்சிடுச்சு டீச்சர். செம்மங்குப்பத்துக்கிட்ட ஓரமா நிக்கிது. தண்ணி போற ஓஸ் பைப்பு விரிசல் விட்டுக் கசிஞ்சிருக்கு."

"அவ?"

"பாப்பாவக் காணும். போனு சீட்டு மேல கெடக்குது. நீங்க அடிக்கிறது கண்ணாடி வழியாத் தெரியிது. ரேடியேட்டர் மூடி கீழ கெடக்குது டீச்சர். இருங்க, பக்கத்து டீக்கடையில விசாரிச்சிட்டு வரேன்."

அதற்குப் பிறகு அவரும் எடுக்கவில்லை. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்து பக்கத்தில் நின்றார்.

ஒன்றரை மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின்னாலேயே பைக்கில் மீட்டர்க்காரர். ஆட்டோவிலிருந்து மகள் இறங்கினாள். வலது கை முழங்கை வரை வெள்ளைக் கட்டு. கன்னத்தில் காசளவுக்குச் சிவந்திருந்தது. டீக்கடை அம்மா அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து, டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று மீட்டர்க்காரர்தான் முதலில் சொன்னார்.

"அந்த முள்ளு ரிப்பேர் பண்ணதுன்னு எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

மகள் நல்ல கையால் என் விரலிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள்.

"எனக்குத் தெரியும்மா. காலையில மீட்டர் அண்ணன் எனக்கும் கெட்டில்ல விட்டுக் காமிச்சாரு. முள்ளு சரியாத்தான் காட்டுதுன்னு தெரியும். நீ ஓட்டுன்னு சொன்னியேன்னுதான் ஓட்டுனேன்."