சுண்ணாம்புக்கு அடியில் இருந்த சேவல்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம். கோர்ட்டு அமீனா என் பற்பொடிக் கடைக்கு வந்து சம்மனைக் கொடுத்தார். அடுத்த தெரு வியாபாரி என்மேல் வழக்குப் போட்டிருந்தான். சேவல் மார்க் அவனுடையதாம், நான் திருடிக்கொண்டேனாம்! வந்த ஆத்திரத்தில் சம்மனைக் கிழித்தே போட்டிருப்பேன். பொட்டலம் மடிக்கும் மாரியம்மாதான் பிடுங்கி வைத்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் போட்ட மார்க் அது. அவர் காலமாகி நாலு வருஷம். கொட்டாம்பட்டியிலிருந்து வரும் சனங்களுக்கு எழுத்துத் தெரியாது, சேவலைத்தான் தெரியும். சேவல் போனால் கடை போச்சு.

தன் சேவலுக்கு எட்டு வயது என்கிறான் அவன், அதற்கு முந்தியே உங்களுடையது இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் என் வக்கீல். அச்சுக்கூட ரசீதுகளைக் கரையான் தின்றிருந்தது.

ஒன்றே ஒன்று இருந்தது. எங்கள் சபையில் முதல் சம்பளம், முதல் காய் எல்லாம் முதற்பலனாகப் போதகர் ஐயரிடம் போகும். அப்படியே அச்சான முதல் லேபிளும் போனது. ஐயர் ஜெபித்து, பென்சிலால் தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். தராசுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தோம். எனக்கோ சுத்தம் என்றால் பைத்தியம். வீட்டுக்காரர் போனபின் வந்த கிறிஸ்துமஸுக்கு, "அந்த அழுக்குத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு அடிங்க" என்று வெள்ளையடிப்பவரிடம் சொன்னவள் நானேதான். ஐயரும் மரித்துவிட்டார்.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன், என்னைக் கைவிடாதேயும் என்று அழுதேன்.

மூன்றாம் நாள் நல்ல மழை. கடைச் சுவர் ஒழுகியது. இது வேறா என்று முணுமுணுத்துக்கொண்டே சாக்கைத் தேடினேன். ஊறிப்போன சுண்ணாம்பு பொத்தென்று பெயர்ந்து விழுந்தது.

"அக்கா, சேவக் கொண்டை தெரியுதுக்கா" என்றாள் மாரியம்மா.

அந்தச் சோம்பேறி மனுஷன் கிழிக்காமல் மேலேயே அடித்திருக்கிறார்! தேதி இருந்தது. கையெழுத்தும் இருந்தது. ஈரத் தரையிலேயே முழங்கால் போட்டேன்.

கோர்ட்டிலிருந்து கமிஷனர் வந்து சுவரைப் பார்த்தார், சபைப் பதிவேட்டிலிருந்த ஐயர் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்தார். சேவல் எங்களுடையதே என்று தீர்ப்பானது. அன்று தெருவுக்கே பாயசம் கொடுத்தேன், அந்த வியாபாரி வீட்டுக்கும்.

அன்புள்ளவர்களே, கோர்ட்டுக் காகிதத்தையும் ஆண்டவர் பாதத்தில் வையுங்கள். நம் புத்திகெட்ட வேலைக்கு அடியிலும் நமக்குரியதை அவர் காத்து வைப்பார். இப்போது கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு சாண் சுவரை மட்டும் நான் தொடவிடுவதில்லை.