மரக்கப்பலுக்கு ஒரு ஃபுட் வால்வு

அஞ்சலி போஸ்டர் அச்சடிக்கும் குமாரசாமி எங்கள் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வெறும் திருமூர்த்தின்னு போட்டா எந்தத் திருமூர்த்தின்னு தெரியாதுங்க அம்மணி. பீளமேட்டுல மட்டும் நாலு பேர் இருக்காங்க. டூப்ளிகேட்னு சேத்துக்கலாங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க."

"போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க" என்றேன்.

அப்பா இறந்து அப்போது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் பெயரைப் போட வேண்டும் என்பதுதான் அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயம்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். பதினாறு வயதில் ஒரு மில்லின் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தார். அந்தக் காலத்து மில் இயந்திரங்கள் கப்பலில் வந்தவை. சுழலும் தண்டைத் தாங்கும் ஒரு புஷ் தேய்ந்தால் புதியது வர ஆறு மாதம் ஆகும். அதுவரை இயந்திரம் நிற்கும். அப்பா தேய்ந்ததைப் பார்த்துப் புதியதைச் செய்து மாட்டினார். இயந்திரம் ஓடியது. அதன் பிறகு அவர் வேறு எந்தத் தொழிலும் செய்யவில்லை.

1972இல் சொந்தமாக ஷெட் போட்டார். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு மரமேசை. விவசாயிகள் உடைந்த பம்பு சாமானைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். கம்பெனி சாமான் வரும்வரை பயிர் காத்திருக்காது என்பவர்கள். அப்பா அதே மாதிரி ஒன்றைச் செய்து கொடுப்பார். ஊர் அவருக்கு டூப்ளிகேட் திருமூர்த்தி என்று பெயர் வைத்தது. அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் செய்த எதிலும் தன் பெயரைப் பொறித்ததும் இல்லை. அளவு பொறிக்க, உலோகத்தில் அடித்துப் பதிக்கும் எண் பஞ்சுகள் ஒரு பெட்டி வைத்திருந்தார். எழுத்துப் பஞ்சு ஒன்றுகூடக் கிடையாது.

"அடுத்தவன் யோசிச்சது. அதுல எம்பேரு எதுக்கு?" என்பார்.

நான் மெக்கானிக்கல் படித்தேன். 1994இல் ஒரு பம்பு கம்பெனியின் டிசைன் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதினேன். டூப்ளிகேட் போடுகிறவர் மகளை டிசைனுக்கு எடுப்பார்களா என்ற பயம். உறையில் ஸ்டாம்பு ஒட்டும்போது அப்பா அதைப் படித்துவிட்டார்.

"நமக்கு ஒரு சென்ட் பூமி இல்லியே அம்மணி. எங்க வெள்ளாமை பண்றது?" என்றார். சிரித்தார். ஸ்டாம்பை ஒட்டிக் கொடுத்தார். வேலை கிடைத்தது. அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

1996 பிப்ரவரியில் கொச்சித் துறைமுகத்துக்கு ஒரு பழைய டச்சுப் பாய்மரக் கப்பல் வந்திருப்பதாகப் பேப்பரில் படம் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். அம்மா கடலே பார்த்ததில்லை. போத்தனூரில் ரயில் ஏறி மூவரும் போனோம்.

ஏறுபலகையின் பக்கத்தில் ஒரு போர்டு. நான் படித்துச் சொன்னேன். அசல் கப்பல் இருநூற்றைம்பது வருடம் முன்பு மூழ்கிவிட்டது. கடலடியில் கிடைத்த துண்டுகளைப் பார்த்து, அதே மாதிரி புதிதாகக் கட்டிய கப்பல் இது. கட்டி ஆறு வருடம் ஆகிறது.

"அட, இதுவும் டூப்ளிகேட்டுங்களா?" என்றாள் அம்மா. "இதுக்கு ரயிலேறி வந்தமா? ஊட்டுலயே உக்காந்து உங்களப் பாத்திருக்கலாமே."

எனக்கும் ஏமாற்றம்தான். அப்பா மட்டும் போர்டைவிட்டு நகரவில்லை.

"அம்மணி, இன்னொருக்கா படி."

படித்தேன்.

"ஒளிக்கவே இல்லியே. வாசல்லயே எழுதி வெச்சிருக்காங்க."

"ஆமாங்கப்பா."

"இந்த டூப்ளிகேட் அங்கிருந்து இங்க வரைக்கும் மெதந்து வந்திருக்குதா?"

"ஏழு மாசமாம்."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.

மற்றவர்கள் பாயையும் பீரங்கியையும் பார்த்தார்கள். அப்பா மரமும் மரமும் சேரும் இடங்களைத் தடவிக்கொண்டே போனார். மேல்தளத்தின் நடுவில் ஆளுயர மரக்குழாய் ஒன்று நின்றது. அதன்மேல் நீண்ட கைப்பிடி. கப்பலின் அடியில் கசிந்து சேரும் தண்ணீரை இறைக்கிற பம்பு அது. பார்க்க வருகிறவர்கள் அடித்துப் பார்க்கலாம். ஒரு மாலுமி வாளியோடு நின்று, ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் குழாயின் தலையில் தண்ணீர் ஊற்றினான். நாலு முறை அடிக்கும்வரை ஊற்றிய தண்ணீரே திரும்பி வந்தது. அப்புறம் காற்று.

அப்பா குழாயில் காதை வைத்தார்.

"ஃபுட் வால்வு புடிக்கல" என்றார்.

கிணற்றில் பம்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். குழாயின் அடியில் இருக்கும் வால்வு அது. தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. சரியாக மூடாவிட்டால் ஒவ்வொரு முறையும் மேலிருந்து ஊற்றியாக வேண்டும்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மாலுமி ஓடிப்போய் கப்பலின் தச்சரை அழைத்து வந்தான். காதில் பென்சில் செருகிய நெட்டை மனிதர். அப்பாவைப் பார்த்தார், கையில் இருந்த செருப்பைப் பார்த்தார், எங்களைக் கீழே அழைத்துப் போனார். வால்வைக் கழற்றிக் காட்டினார். மூடி வந்து உட்காரும் வெண்கல இருக்கையில் குறுக்கே விரிசல். ஒரு மாதம் முன்பு விட்டதாம். கடலடியில் கிடைத்த வால்வைப் பார்த்து அவர் ஊரில் வார்த்தது. புதியது இனி ஊர் திரும்பிய பிறகுதான். எட்டு மாதம் ஆகும். ஆபத்து ஒன்றும் இல்லை, அடியில் கரண்டு பம்பு ஒன்று ஒளித்து வைத்திருக்கிறோம் என்றார். "ஆனால் துறைமுகம் துறைமுகமாக வாளியில் ஊற்றி நாடகம் ஆடுகிறோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது."

"எப்பக் கெளம்பறாங்கன்னு கேளு."

புதன்கிழமை மதியம்.

"இதைக் கையில குடுத்தா புதன்கிழமை காலைல புதுசோட வாரேன்னு சொல்லு."

நான் ஆங்கிலத்தில், அப்பா முயற்சி செய்வார் என்றேன்.

"ட்ரைன்னு சொன்னியா?" என்றார் அப்பா. "ட்ரை எல்லாம் இல்லை. வாரேன்னு சொல்லு."

சொன்னேன். தச்சர் தயங்கினார். அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். உடைந்தாலும் வாளி நாடகத்துக்கு உதவுகிறது. அதுவும் போய்விட்டால் பம்பு வெறும் மரக்கட்டை. அப்பா மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நல்லவேளை, என்னக் கழட்டித் தரல" என்றாள் அம்மா.

வால்வை என் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினோம். தவறினால் தச்சருக்கு இந்த ஊரைப் பற்றி ஒரு கதை கிடைக்கும். டூப்ளிகேட் போடுகிற ஒருவன் வாட்சைக் கொடுத்து ஏமாற்றிய கதை. அப்பா அதைத்தான் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். வெர்னியர் அளவுகோல் வைத்து ஒவ்வொரு அளவாக எடுத்து, முறைப்படி வரைந்து கொடுத்தேன். அப்பா ஒரு நிமிடம் பார்த்தார்.

"சுத்தமா வரைஞ்சிருக்கற. தேஞ்சதையும் சேத்து வரைஞ்சுபோட்டியே."

இருக்கை ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. வடிவமே அப்படி என்று நான் எடுத்துக்கொண்டேன். மூடியாக அடித்த தோல் வருடக்கணக்கில் தட்டித் தட்டித் தேய்ந்த சாய்வு அது.

"செஞ்சவன் என்ன நெனச்சானோ அதைச் செய்யோணும் கண்ணு. இப்பக் கெடக்கறத இல்லை."

டிசைன் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தேன். காப்பி அடிப்பதில் யோசனை வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

வெண்கலம் ஆறும்போது சுருங்கும். அதற்கு இடம் விட்டு, வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மரமாதிரியை, அதாவது பேட்டர்னை, தேக்கில் செதுக்கினார். மாலையில் பக்கத்து ஃபவுண்டரிக்கு எடுத்துப் போனோம். ஃபவுண்டரிக்காரர் சென்னகிருஷ்ணன் அப்பாவின் முப்பது வருட சிநேகிதர். பேட்டர்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க திருமூர்த்தி, டூப்ளிகேட் கப்பலுக்கு டூப்ளிகேட் வால்வுங்களா? ரெண்டும் சேந்தா ஒரிஜினல் ஆயிருமாக்கும்?"

"நீங்க ஊத்தற உலோகம் ஒரிஜினலா இருந்தாப் போதுமுங்க."

செவ்வாய் காலை மோல்டை உடைத்தபோது இருக்கையிலேயே காற்றுக் குழி. கடுகளவுதான். தண்ணீருக்கு அது போதும். சென்னகிருஷ்ணன் அதற்கப்புறம் கேலி பேசவில்லை. வேறு வேலையை நிறுத்திவிட்டுத் திரும்ப மோல்டு போட்டு, பதினோரு மணிக்கு ஊற்றினார். மூன்று மணிக்கு லேத்தில் ஏறியது. மாலை வரை மெருகுப் பேஸ்ட் தடவித் தேய்த்தார் அப்பா. தற்காலிகமாக ஒரு தோல் வைத்து வால்வை மூடி, மேலே மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பேப்பர்மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். தண்ணீர் நிற்கும் இடத்தில்கூட மண்ணெண்ணெய் கசியும். காலையில் பேப்பர் காய்ந்தே இருந்தது.

போத்தனூரில் முதல் ரயில். அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள். பத்தரைக்குக் கப்பலில் இருந்தோம். மாலுமிகள் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தச்சர் வாட்சைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் அதைக் கொடுத்தார்.

அவர் வால்வை வெளிச்சத்தில் திருப்பினார். இருக்கையில் நகத்தை ஓட்டினார். பிறகு அடிப்பக்கம் எதையோ தேடினார்.

"செய்தவர் அடையாளம் எங்கே?"

அப்பா சொன்னதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். "டூப்ளிகேட்டுக்குப் பேர் போடறதில்லீங்க."

தச்சர் எங்களை அழைத்துப் போய் ஒரு உத்தரத்தைக் காட்டினார். அதில் சிறியதாக ஒரு குறி. இது அறுத்தவனுடையது என்றார். கப்பிகளில் ஒரு குறி. நங்கூர வளையத்தில் ஒன்று. "எல்லாமே பழையதைப் பார்த்துச் செய்தவைதான். ஆனால் செய்தது நாங்கள். உடைந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா?"

அப்பா சிரித்துவிட்டார். ஒரு சின்ன உளி கேட்டார். நேர் உளியில் வளைவு வெட்டுவது கடினம். கால்மணி நேரம் ஆனது. 'தி' என்று ஒரே எழுத்து. சுழி கொஞ்சம் கோணல். தச்சர் அதைப் பூ என்று நினைத்தார்.

வால்வுக்குத் தோல் அடித்து, குழாயில் இறக்கினார்கள். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

"பத்துக்குள்ள வரோணும்" என்றார் அப்பா. கைப்பிடியைத் தச்சர் பிடித்தார். அப்பா எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. காற்று. நாலு, அஞ்சு. மாலுமிகள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஆறில் குழாய்க்குள் சத்தம் மாறியது. ஏழில் கலங்கிய தண்ணீர் தளத்தில் கொட்டி ஓடியது.

மாலுமிகள் கத்தினார்கள். அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது பெருசில்லை. அரைமணி நேரம் நிக்கட்டும். தண்ணி கீழ எறங்காம இருந்தாத்தான் வால்வு."

கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம்கூட இல்லை. தச்சர் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மா புளிச்சோற்றைப் பிரித்தாள். தச்சர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

முப்பது நிமிடம் ஆனது.

"பூவாத்தா, நீ அடி" என்றார்.

"நானுங்களா?"

"கெணத்தடில எத்தன வருசம் பம்புக்குத் தண்ணி ஊத்தியிருக்கற. அடி."

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கைப்பிடியை ஒரே ஒரு முறை அழுத்தினாள். முதல் அடியிலேயே தண்ணீர் பாய்ந்து அவள் காலை நனைத்தது. கப்பல் முழுக்கக் கைதட்டல். தச்சர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். விரிசல்விட்ட வால்வை அப்பாவுக்கே கொடுத்தார். அப்பா அழுவார் என்று நினைத்தேன். அவர் குழாயில் மறுபடி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போனபோது அதன் அடிவயிற்றில் எங்கள் எழுத்து ஒன்று போனது. இறங்கும்போது நான் சொன்னேன். "அப்பா, அந்த அப்ளிகேசன்ல…"

"அது கெடக்குது உடு. ரயிலுக்கு நேரமாச்சு."

மறுநாள் டவுன்ஹால் கடைத்தெருவுக்குப் போய் எழுத்துப் பஞ்சு ஒன்றைச் செய்ய ஆர்டர் கொடுத்தார். அதன்பிறகு அவர் ஷெட்டிலிருந்து போன ஒவ்வொரு ஃபுட் வால்வின் அடியிலும் 'தி' இருந்தது. இரண்டு வருடத்தில் கடைகளில் 'தி போட்ட வால்வு' என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

போன மாதம், 1999 மே, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயம். சென்னகிருஷ்ணன் கையில் ஒரு பையோடு கோபமாக வந்தார். அவிநாசியில் ஒரு கடையில் வாங்கிய வால்வு. அடியில் 'தி'.

அப்பா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "நம்முது இல்லை."

"தெரியுங்க. கேசு போடோணும்."

அப்பா வால்வின் இருக்கையில் விரலை ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பழைய வால்வைப் பாத்து வாத்திருக்கான். தேஞ்சதையும் சேத்து வாத்துப்போட்டான்." அம்மா பக்கம் திரும்பினார். "பூவாத்தா, எனக்கே டூப்ளிகேட் வந்துபோச்சு."

"ஒண்ணையே தாங்க முடியல" என்றாள் அம்மா.

சென்னகிருஷ்ணன் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, அவன் ஆருன்னு பாத்து நம்ம வால்வுப் பேட்டர்னைக் குடுத்துரு. இப்படிச் செஞ்சா வாங்கறவன் கெணத்துக் கொழாய்ல தண்ணி நிக்காது."

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் இறந்தார்.

நேற்று அவிநாசி போனேன். கடைக்காரர் வழிகாட்டினார். கோயிலுக்குப் பின்புறம் ஒரு தகர ஷெட். ஒரு லேத். நடுத்தர வயதுக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு, நீங்க யாருங்க என்று கேட்டார். பையிலிருந்து தேக்குப் பேட்டர்னை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"டூப்ளிகேட் திருமூர்த்தி மகளுங்க" என்றேன்.